மூடிய வழு என் கணினியில் மட்டும் ஏன் திறந்திருக்கிறது? டெபியனில் பதிப்புவாரியாக வழுக்களைத் தொடர்வது பற்றிச் சில கேள்விகள்

டெபியன் லினக்ஸைப் பயன்படுத்துகிறவர்களும், அதற்கு வழுப் புகார் அனுப்பத் தொடங்கியவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. வழு என்று நான் சொல்வது 'பக்'கைத்தான். கட்டளைகளையும் பதிப்பெண்களையும் இங்கே தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். அஞ்சலில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.

என் கணினியில் இருக்கிற அதே வழுவை, டெபியன் தளம் 'முடிந்தது' என்று காட்டுகிறது. எது சரி?

இரண்டும் சரி. ஒரு பொதியின் (நிறுவுவதற்கென்று கட்டிய மென்பொருள்) பராமரிப்பாளர் வழுவைச் சரிசெய்து புதிய பதிப்பை ஏற்றும்போது, அது பெரும்பாலும் அன்ஸ்டேபிள் என்கிற கிளைக்குத்தான் போகிறது. உங்களிடம் ஓடுவது ஸ்டேபிள் என்றால், அதிலிருப்பது மாதக்கணக்கில், சில சமயம் இரண்டு வருடத்துக்கு முன்பே உறைந்துபோன பதிப்பு. அங்கே கொடுத்த மருந்து இங்கே வந்து சேரவில்லை.

அதனால் 'வழு திறந்திருக்கிறதா, மூடியாயிற்றா?' என்பது பாதிக் கேள்விதான். 'எந்தப் பதிப்பில்?' என்று கூடவே கேட்க வேண்டும். வழுப் பக்கத்தின் தலைப்பில் தெரியும் ஒற்றைச் சொல்லை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்கள்தான் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள்.

ஒரே நேரத்தில் எத்தனை டெபியன் உயிரோடு இருக்கிறது?

இதை எழுதும்போது ஸ்டேபிள் என்பது 13, ட்ரிக்ஸி. 2025 ஆகஸ்ட் 9 அன்று வெளிவந்தது. அதற்கு முந்தைய 12, புக்வார்ம் (2023 ஜூன் 10), இப்போது ஓல்ட்ஸ்டேபிள். 11, புல்ஸ்ஐ, 2026 ஆகஸ்ட் வரை நீண்டகால ஆதரவில். அடுத்து வரவிருக்கும் 14, ஃபோர்க்கி, டெஸ்டிங் என்ற பெயரில் வளர்கிறது. எல்லாவற்றுக்கும் முன்னால் அன்ஸ்டேபிள், அதன் நிரந்தரப் பெயர் சிட். இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரு பொம்மைப் படத்துப் பாத்திரங்களுடையவை. அதில் சிட் என்பவன் பொம்மைகளை உடைக்கிற பையன். தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள்.

இவை போக, சோதனைப் பதிப்புகளுக்கான எக்ஸ்பெரிமென்டலும், புதிய பதிப்பைப் பழைய வெளியீட்டுக்காகத் திரும்பக் கட்டித் தரும் பேக்போர்ட்ஸும் உண்டு. ஆக, ஒரே பொதிக்கு ஒரே நாளில் ஐந்தாறு பதிப்புகள் புழக்கத்தில் இருக்கும்.

முன்பெல்லாம் இதை எப்படிச் சமாளித்தார்கள்?

சமாளிக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். டெபியனின் வழுத்தளத்தை இயக்கும் மென்பொருள் டெப்பக்ஸ். 1994இல் இயன் ஜாக்சன் தொடங்கியது. அன்றும் இன்றும் அது மின்னஞ்சலில் ஓடுகிறது: வழுவை அனுப்புவது, பதில் சொல்வது, மூடுவது எல்லாமே அஞ்சல். ஆரம்பத்தில் ஒரு வழுவுக்கு ஓர் எண், இரண்டே நிலை. பராமரிப்பாளர் சேஞ்ச்லாகில், அதாவது மாற்றங்களின் பதிவேட்டில், 'க்ளோசஸ்' என்று எழுதிப் பக்கத்தில் வழு எண்ணைப் போட்டு ஏற்றினால், வழு மூடிக்கொள்ளும். ஸ்டேபிளில் அது அப்படியே கிடக்கிறது என்பதை அந்தத் தளம் அறியாது.

மறந்துபோகாமல் இருக்க, 'வுடி', 'சார்ஜ்', 'சிட்' என்று வெளியீட்டின் பெயரையே டேகாக ஒட்டி வைத்தார்கள். கையால் ஒட்டியதைக் கையால்தான் கிழிக்கவும் வேண்டும். தன்னார்வலர்கள் நடத்தும் திட்டத்தில் அது எவ்வளவு நாள் ஒழுங்காக நடக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம். 2005 ஜூலையில்தான், எந்தப் பதிப்பில் வழு இருக்கிறது, எதில் இல்லை என்பதைத் தளமே கணக்கிடும் ஏற்பாடு வந்தது.

தளம் அதை எப்படிக் கணக்கிடுகிறது? பதிப்பெண்களை ஒப்பிட்டுப் பார்க்கிறதா?

எண்களை மட்டும் ஒப்பிட்டால் கணக்கு தப்பிவிடும். அது பார்ப்பது கொடிவழியை.

ஒவ்வொரு டெபியன் மூலப்பொதியிலும் ஒரு சேஞ்ச்லாக் கோப்பு இருக்கும். மேலே புதிய பதிப்பு, கீழே அதன் தகப்பன், அதற்கும் கீழே பாட்டன் என்று முதல் பதிப்பு வரை இறங்கும். டெப்பக்ஸ் இந்தக் கோப்புகளைப் படித்து, யாரிடமிருந்து யார் வந்தார் என்று ஒரு மரத்தைக் கட்டிக்கொள்கிறது. வழுவுக்கு எதிரே இரண்டு பட்டியல்: ஃபவுண்ட், அதாவது வழு காணப்பட்ட பதிப்புகள், ஃபிக்ஸ்டு, அதாவது சரிசெய்த பதிப்புகள். ஒரு பதிப்பைப் பற்றிக் கேட்டால், அதிலிருந்து தொடங்கி மூதாதையர் வழியே பின்னோக்கிப் போகும். முதலில் எதிர்ப்படுவது ஃபவுண்ட் என்றால் வழு இருக்கிறது. ஃபிக்ஸ்டு என்றால் தீர்ந்துவிட்டது. கடைசி வரை இரண்டும் தட்டுப்படவில்லை என்றால், அந்தப் பதிப்பில் வழு இல்லவே இல்லை என்று எடுத்துக்கொள்ளும்.

ஓர் உதாரணம். ஏதோ ஒரு பொதியில் 2.0-1, 2.0-2, 2.1-1, 2.1-2 என்று வரிசையாகப் பதிப்புகள் வந்தன. ஸ்டேபிளில் இருப்பது 2.0-2. சிட்டில் 2.1-1 இருக்கும்போது வழு தெரியவருகிறது, 2.0-2இலும் இருப்பது உறுதியாகிறது. அவசரம் என்பதால் முதலில் ஸ்டேபிளுக்கு மட்டும் ஒரு திருத்தம் போகிறது: 2.0-2+டெப்13யு1. இப்போது எண்ணை மட்டும் பார்க்கிறவர், '2.1-1 அதைவிடப் பெரிய எண், எனவே அதுவும் சரியாகியிருக்கும்' என்பார். ஆனால் 2.1-1இன் தகப்பன் பழைய 2.0-2. ஸ்டேபிள் திருத்தம் அதற்குப் பங்காளி முறை. அண்ணன் வீட்டில் அடைத்த கடன் தம்பி வீட்டுக் கணக்கில் வரவாகாது. 2.1-1 இன்னும் வழுவோடுதான் இருக்கிறது என்று தளம் சரியாகச் சொல்லும்.

வழுவின் பக்கத்தில் இந்த மரத்தைப் படமாகவே காட்டுகிறார்கள். சிவப்பு என்றால் வழு உண்டு, பச்சை என்றால் தீர்ந்தது. நீண்ட வாதம் நடந்த வழுக்களில் எனக்கு அஞ்சல்களைவிட அந்தப் படம்தான் சீக்கிரம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறது.

அதே உதாரணத்தில் இன்னொன்றும் உண்டு. 2.0-1 பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. அதனால் அதில் வழு இல்லை என்றே தளம் நினைக்கும். உண்மையில் அங்கேயும் இருந்தது என்று உங்களுக்குத் தெரிந்தால் சொல்லிவிட வேண்டும். ஓல்ட்ஸ்டேபிளைப் பயன்படுத்துகிறவர்கள் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள உதவி இதுதான், செய்கிறவர்கள்தான் குறைவு.

அதைச் சொல்வது எப்படி?

வழுத்தளத்தின் 'கன்ட்ரோல்' முகவரிக்கு ஒரு அஞ்சல். ஒரு வரி போதும்: ஃபவுண்ட், வழு எண், பதிப்பு. தவறாகக் குறித்துவிட்டால் நாட்ஃபவுண்ட். சரிசெய்யப்பட்ட பதிப்பைக் குறிக்க ஃபிக்ஸ்டு, அதை நீக்க நாட்ஃபிக்ஸ்டு. கடைசியில் 'தேங்க்ஸ்' என்று ஒரு வரி. அதற்குக் கீழே உள்ளதைத் தளம் கட்டளையாகப் படிக்காது, கையொப்பம் கட்டளை ஆகிவிடாமல் இருக்கத்தான் அது.

இதற்குப் பயனர் கணக்கோ கடவுச்சொல்லோ தேவையில்லை. யார் வேண்டுமானாலும் எந்த வழுவின் பதிவையும் மாற்றலாம். முதலில் கேட்கிறவர்கள் நம்புவதில்லை. ஆனால் 1994 முதல் அப்படித்தான் ஓடுகிறது. 2021 நவம்பரில் பத்து லட்சமாவது வழு எண்ணையும் தாண்டிவிட்டது.

தீர்ந்ததாகச் சொன்ன வழு மறுபடி வந்துவிட்டது. ரீஓப்பன் அனுப்பலாமா?

அவசரப்படாதீர்கள். ரீஓப்பன் வழுவைத் திறப்பதோடு நிற்காது, அதுவரை சேர்த்துவைத்த ஃபிக்ஸ்டு பட்டியலையும் துடைத்துவிடும். மூன்று வெளியீடுகளில் யாரோ பொறுமையாகக் குறித்துவைத்த தகவலை ஒரே வரியில் அழித்து, பராமரிப்பாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான்.

'பழைய குருடி கதவைத் திறடி' என்று வழு திரும்பி வரும்போது உங்களுக்கு வேண்டியது ஃபவுண்ட், அதுவும் பதிப்பெண்ணோடு. நீங்கள் குறிக்கும் பதிப்பு, ஃபிக்ஸ்டு பட்டியலில் உள்ள மிக உயர்ந்த பதிப்புக்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தால், வழு தானாகவே மறுபடி திறந்துகொள்ளும். அதற்குக் கீழே இருந்தால் மூடிய நிலையிலேயே நிற்கும், ஆனால் அந்தப் பழைய பதிப்பில் வழு உண்டு என்று பதிவாகும். பதிப்பெண் இல்லாமல் ஃபவுண்ட் அனுப்பினால் அது ரீஓப்பனேதான்.

பதிப்பைக் குறிப்பிடாமல் புகார் அனுப்பினால்?

எல்லாப் பதிப்பிலும் இருப்பதாக எடுத்துக்கொள்ளப்படும். பதிப்பு சொல்லாமல் மூடினால் எல்லாவற்றிலும் தீர்ந்ததாகிவிடும். இரண்டுமே பெரும்பாலும் பொய். 'ரிப்போர்ட்பக்' என்ற கருவியைப் பயன்படுத்துங்கள், நிறுவியிருக்கும் பதிப்பை அதுவே எடுத்துப் போட்டுவிடும்.

டெப்12யு1, பிபிஓ, அலைக்குறி... பதிப்பெண்ணில் இதெல்லாம் என்ன?

கடைசி இணைகோட்டுக்கு முன்னால் உள்ளது மூல நிரலாளர்கள் கொடுத்த எண், பின்னால் உள்ளது டெபியன் பராமரிப்பாளருடையது. '+டெப்12யு1' என்றால் 12ஆம் வெளியீட்டுக்குப் பிறகு அதற்கென்று வந்த முதல் திருத்தம். '~பிபிஓ12+1' என்றால் புதிய பதிப்பை 12க்காகத் திரும்பக் கட்டியது. அலைக்குறி ஒன்றுமில்லாததைவிடவும் சிறியது என்பது விதி. அதனால்தான் 1.0~ஆர்சி1 என்பது 1.0க்கு முன்னால் வருகிறது, பேக்போர்ட் வைத்திருப்பவர் அடுத்த வெளியீட்டுக்குப் போகும்போது சரியான பொதிக்குத் தானாக மாறுகிறார்.

அலுவலகத்தில் ஓட்டும் பாதுகாப்பு ஸ்கேனர், டெபியனில் பழைய ஓட்டைப் பதிப்பு இருப்பதாகச் சிவப்பில் காட்டுகிறது. அவ்வளவு அலட்சியமா?

இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் ஹார்ட்பிளீட் கதையைத்தான் சொல்வேன். இணையத் தொடர்பை மறைகுறியாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில் 2014 ஏப்ரல் 7 அன்று வெளியான ஓட்டை அது. 1.0.1 முதல் 1.0.1எஃப் வரை பாதிப்பு, 1.0.1ஜி-இல் தீர்வு. அன்றைய டெபியன் ஸ்டேபிளான வீசியில் இருந்தது 1.0.1ஈ, அதாவது ஓட்டை உள்ள வரிசைக்குள் வருவது. டெபியன் ஜி-க்குத் தாவவில்லை. திருத்தத்தை மட்டும் எடுத்து ஈ-யிலேயே தைத்து, 1.0.1ஈ-2+டெப்7யு5 என்று வெளியிட்டது. சிட்டுக்கு 1.0.1ஜி-1 போனது.

முன்பகுதியை மட்டும் படிக்கும் ஸ்கேனருக்கு 1.0.1ஈ என்றாலே ஆபத்து. வாலில் இருக்கிற '+டெப்7யு5'இல்தான் விடை இருக்கிறது. ஸ்டேபிளின் வாக்குறுதியே 'மென்பொருளின் நடத்தை மாறாது, ஓட்டை மட்டும் அடைபடும்' என்பதுதான். எனவே எண் பழையதாகவே தெரியும். அன்றைய ஓல்ட்ஸ்டேபிளான ஸ்குவீஸோ 0.9.8 வரிசையில் இருந்தது. அந்த ஓட்டை அதற்குப் பின்னால்தான் பிறந்தது என்பதால் அதைத் தொடவே தேவைப்படவில்லை.

இத்தகைய பாதுகாப்பு ஓட்டைகளுக்கு டெபியனில் தனியாக ஒரு தடத்தளம் உண்டு. சிவிஇ எண்ணை, அதாவது ஓர் ஓட்டைக்கு உலகப் பொதுவாகக் கொடுக்கும் அடையாள எண்ணை, கொடுத்தால், எந்த வெளியீட்டில் எந்தப் பதிப்பில் அடைபட்டது, எதில் இன்னும் இல்லை என்று அட்டவணையாகக் காட்டும். 'நோ-டிஎஸ்ஏ' என்று இருந்தால், ஓட்டை உண்டு, ஆனால் தனி அறிவிப்பு போடும் அளவுக்குப் பெரிதில்லை என்று பாதுகாப்புக் குழு முடிவெடுத்திருக்கிறது. ஸ்கேனர் அறிக்கையோடு சண்டை போடுமுன் அந்த அட்டவணையைப் பாருங்கள்.

புதிய பதிப்பு என்றால் எப்போதும் பாதுகாப்பானதுதானே?

2024 மார்ச் 29 அன்று அந்த நம்பிக்கையில் ஓட்டை விழுந்தது. போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் நிரலாளரான ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட், தன் டெபியன் சிட் கணினியில் எஸ்எஸ்எச் வழியான தொலைநுழைவு அரை நொடி தாமதமாவதைத் துருவிப் பார்த்து, எக்ஸ்இசட் என்ற சுருக்க மென்பொருளில் யாரோ வேண்டுமென்றே வைத்த பின்வாசலைக் கண்டுபிடித்தார். டெபியன் அறிவிப்பின்படி பாதிக்கப்பட்டவை, 2024 பிப்ரவரி 1 அன்று ஏற்றிய 5.5.1ஆல்ஃபா-0.1 முதல் 5.6.1-1 வரை. டெஸ்டிங், அன்ஸ்டேபிள், எக்ஸ்பெரிமென்டல் மூன்றிலும் அவை இருந்தன. ஸ்டேபிள் தப்பித்தது, அது 5.4 வரிசையிலேயே உறைந்திருந்ததால்.

பராமரிப்பாளர்கள் பழைய 5.4.5க்குத் திரும்ப வேண்டும். ஆனால் ஏற்கெனவே 5.6.1 நிறுவியவர்களின் கணினி சிறிய எண்ணுக்குத் தானாக இறங்காது. எனவே பதிப்பெண்ணை இப்படி வைத்தார்கள்: 5.6.1+ரியலி5.4.5-1. வெளியே 5.6.1, உள்ளே 'உண்மையில்' 5.4.5. கொஞ்சம் வேடிக்கைதான், ஆனால் இதற்கென்றே டெபியனில் ரொம்ப நாளாகப் புழங்கும் வழக்கம் அது. எண்ணைப் பார்த்துப் பயந்து அந்தப் பொதியை நீக்கியவர்கள், நல்ல பதிப்பைத் தூக்கி எறிந்தவர்கள்.

வழு எவ்வளவு கடுமையானது என்று குறிப்பதால் என்ன மாறுகிறது?

மேல்மட்டத்தில் மூன்று: கிரிட்டிக்கல், கிரேவ், சீரியஸ். இவை வெளியீட்டைத் தடுக்கும் வழுக்கள். அதற்குக் கீழே இம்பார்ட்டன்ட், நார்மல், மைனர், விஷ்லிஸ்ட்.

சிட்டிலிருந்து டெஸ்டிங்குக்கு ஒரு பொதி நகர்வதை ஒரு நிரல் தீர்மானிக்கிறது. புதிய பதிப்பு, டெஸ்டிங்கில் ஏற்கெனவே இல்லாத தடுப்பு வழுவைக் கொண்டுவந்தால் அது நகராது. பழைய பதிப்பிலும் அதே வழு இருந்தால், நகர்வதால் நிலைமை மோசமாகிவிடாது என்று விட்டுவிடும். ஆகவே 'டெஸ்டிங்கில் உள்ள பதிப்பிலும் இது இருக்கிறது' என்று குறிக்க மறந்துவிட்டால், எந்தக் குற்றமும் செய்யாத புதிய பதிப்பு வாசலில் நிற்கும். தடுப்பு வழுவை நீண்ட நாள் கவனிக்காத பொதிகள் டெஸ்டிங்கிலிருந்தே நீக்கப்படும். அடிப்படையான முக்கியப் பொதிகளுக்கு மட்டும் விலக்கு.

உங்கள் கோபத்தின் அளவை வழுவின் கடுமை என்று குறிக்காதீர்கள், யாரேனும் அதை இறக்கிவிடுவார்கள்.

என் வழு சிறியதுதான். ஸ்டேபிளில் எப்போது சரியாகும்?

பெரும்பாலும் சரியாகாது. அடுத்த வெளியீட்டுக்கு மாறும்போதுதான். ஸ்டேபிளுக்கான இடைக்காலத் திருத்தங்கள் ஏறக்குறைய இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும். ஆனால் அதில் இடம்பிடிக்க வழு குறைந்தது 'இம்பார்ட்டன்ட்' அளவில் இருக்க வேண்டும், முதலில் சிட்டில் தீர்ந்திருக்க வேண்டும், மாற்றம் எவ்வளவு சிறியது என்பதை வெளியீட்டுக் குழுவுக்கு வரிவரியாகக் காட்ட வேண்டும். எழுத்துப்பிழைகளுக்கு யாரும் அந்தப் பாடு படமாட்டார்கள்.

மற்ற திட்டங்களும் இப்படித்தானா?

ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதம். உபுண்டுவின் வழுத்தளமான லாஞ்ச்பேடில் ஒரே வழுவுக்கு அடியில் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஒரு தனி வரி, ஒவ்வொன்றுக்கும் தனி நிலை. பார்ப்பதற்குத் தெளிவு, ஆனால் வரிகளை மனிதர்தான் சேர்க்க வேண்டும். மோசில்லா, ஃபயர்ஃபாக்ஸின் ஒவ்வொரு பதிப்புக்கும் 'பாதிப்பு உண்டு', 'இல்லை', 'தீர்ந்தது' என்று கொடி கட்டுகிறது. லினக்ஸ் கர்னலில் வேறு பாதை: திருத்தத்தின் அடியிலேயே 'ஃபிக்ஸஸ்' என்று போட்டு, வழுவைக் கொண்டுவந்த பழைய கமிட்டின், அதாவது நிரலில் பதிவான மாற்றத்தின், அடையாளக் குறியில் முதல் 12 எழுத்துகளை எழுதுகிறார்கள். அந்தக் கமிட் எந்தெந்த ஸ்டேபிள் கிளையில் இருக்கிறதோ, அங்கெல்லாம் திருத்தமும் போக வேண்டும் என்று தெரிந்துவிடும். வழு எங்கே பிறந்தது என்பதிலிருந்து தொடங்குவதால் எனக்கு இதுதான் மிகச் சுத்தமான முறையாகப் படுகிறது. பிறந்த இடம் தெரியாத வழுக்களுக்குத்தான் உதவாது.

கிட்ஹப்பில் நிலை ஒன்றுதான்: திறப்பு அல்லது மூடல். டெபியன் 2005க்கு முன் நின்ற இடம். வெளியீட்டுப் பெயரை லேபிளாக ஒட்டிச் சமாளிக்கிறவர்களைப் பார்க்கும்போது 'வுடி', 'சார்ஜ்' டேகுகள் ஞாபகத்துக்கு வரும்.

பழைய வழுவுக்குப் பதில் அனுப்பினேன், ஏற்கவில்லை.

காப்பகத்துக்குப் போயிருக்கும். மூடி, நடமாட்டமில்லாமல் 28 நாள் கிடந்தால் போய்விடும். 'அன்ஆர்க்கைவ்' கட்டளை அனுப்பிவிட்டு, அதன் பிறகு எழுதுங்கள்.

தமிழ் எழுத்து உடைந்து தெரிகிறது. எந்தப் பொதியின் மேல் புகார் கொடுப்பது? தமிழில் எழுதலாமா?

புகாரை ஆங்கிலத்தில் எழுதுங்கள், படிக்கிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். உடைந்த சொல்லைத் தமிழில் அப்படியே ஒட்டுங்கள், திரைப்பிடிப்பும் சேருங்கள். 'கொ' என்பதில் கொம்பும் காலும் பிரிந்து நிற்கிறது என்றால், தமிழ் தெரியாதவருக்கு எது சரி, எது தவறு என்று இரண்டு படமும் வேண்டும்.

பொதி எது என்பதுதான் கடினம். பிழை எழுத்துருவில் இருக்கலாம், எழுத்துகளைக் கோத்து வடிவமைக்கும் ஹார்ஃப்பஸில் இருக்கலாம், நீங்கள் பார்த்த செயலியிலும் இருக்கலாம். அதே சொல்லை வேறு எழுத்துருவிலும் வேறு செயலியிலும் போட்டுப் பார்த்தால் பாதி தெரிந்துவிடும். தவறான பொதியின் மேல் கொடுத்தாலும் யாரேனும் ரீஅசைன் செய்வார்கள், அதாவது சரியான பொதிக்கு மாற்றிவிடுவார்கள். ஆனால் அப்போது அதுவரை குறித்த பதிப்புகள் எல்லாம் அழிந்துவிடும், அவை பழைய பொதியின் எண்கள் என்பதால். எனவே எழுத்துரு, ஹார்ஃப்பஸ், செயலி மூன்றின் பதிப்பையும் புகாரின் உடலிலேயே எழுதிவிடுங்கள். புதிய பராமரிப்பாளர் அதைப் பார்த்து ஃபவுண்ட் போட்டுக்கொள்வார்.